முதுகு காட்டிய வணக்கம்

சபைக்கு முதுகைக் காட்டினால் அந்த நிமிஷமே திரையை இறக்கிவிடுவேன் என்று அரங்க மேலாளர் சொல்லியிருந்தார். ஆனால் செலஸ்டினின் முன்னோர்கள் வாழ்ந்த ஆப்பிரிக்க ஊரில் ஆடி முடித்தவர்கள் முதலில் மேளத்தைத்தான் வணங்குவார்கள். அவள் அமைத்த புது நடனமும் அப்படித்தான் முடியும். பக்கத்திரைக்குப் பின்னால் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் பன்னிரண்டு பேர் வெறுங்காலோடு கடைசிச் சுற்றை முடித்தார்கள். மேளம் நின்றது. எல்லோரும் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேளக்காரர் ஒலுஃபெமியின் முன்னால் நெற்றி தரையில் பட விழுந்தார்கள்.

கைதட்டல் இல்லை. மேலாளர் திரைக்கயிற்றைப் பிடித்தார். "அப்பவே சொன்னேன் இல்லையா, மேடம்?"

மேல்மாடத்தில், கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய மரப்பலகை வரிசையில், யாரோ ஒருவர் காலால் தரையைத் தட்டினார். கூடவே இன்னொரு கால். பிறகு மாடமே அதிர்ந்தது. ஒலுஃபெமி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தத் தாளத்தை அப்படியே மேளத்தில் வாங்கிக்கொண்டார். மேளம் கூப்பிட்டால் ஆடுகிறவர் எழுந்தாக வேண்டும். பன்னிரண்டு முதுகுகளும் மெல்ல நிமிர்ந்தன.

"இதுவும் நீங்க அமைச்சதா?" என்றார் மேலாளர், கயிற்றை விடாமல்.

"இல்லை" என்றாள் செலஸ்டின். ஒரு செருப்பைக் கழற்றியாகிவிட்டது. அடுத்ததின் வாரைத்தான் விரல்கள் அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தன.