தனியாள்

இவனுக்குக் கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. ஆனாலும் மஞ்சள் பொத்தானை விடவில்லை.

விட்டால் முப்பதே நொடி. சர்வர் கூடத்துக்குள் வாயு திறந்துகொள்ளும். நெருப்பின் மூச்சை அடைக்கிற வாயு. ஆளிருந்தால் ஆளின் மூச்சையும்.

உள்ளே ஆள் இருந்தான்.

கூடத்தின் கடைக்கோடியில், தரைப்பலகையைப் பெயர்த்துவிட்டு, கேபிள்களுக்கு நடுவே குப்புறப் படுத்திருப்பான். விசிறிகளின் இரைச்சலுக்குப் பயந்து காதுகளை மூடியிருப்பான். சைரன் அவனுக்குக் கேட்க வழியில்லை. ஸ்பானர் எடுக்க வெளியே வந்த இவனுக்குத்தான் கேட்டது.

ஓடிப்போய் இழுத்து வரலாம். பொத்தானுக்கும் கதவுக்கும் ஆறடி. கை அவ்வளவு நீளமில்லை. வெளியிலிருந்து கதவைத் திறக்கிற கார்டும் உள்ளே இருப்பவன் கழுத்தில்.

போன வருடம்வரை இந்தக் கூடத்துக்கு இரண்டு பேர். புது இயந்திரங்கள் வந்தன. சூடு மூன்று மடங்கானது, ஆள் பாதியானது. மிஞ்சிய ஒருவனை மேலாளர் வாய் நிறைய மெச்சுவார்: "இங்க பாத்தா இங்க நிக்கிற, அங்க பாத்தா அங்க நிக்கிற. பேயாடா நீ?"

அதே குரல் இப்போது சுவர் ஒலிபெருக்கியில் கத்தியது.

"கைய எடுடா! மெஷின் அத்தனையும் வெந்துரும்."

"உள்ள ஆள் இருக்கு சார்."

"எந்த ஆளு? உன் கார்டு ஒண்ணுதான் உள்ள காட்டுது. அத அங்கயே போட்டுட்டு வந்திருக்க. உன்னைத்தான் கேமராவுல பாக்கறேனே, துரை. பத்து எண்ணுவேன். எடுக்கலைன்னா இங்கேருந்து நானே திறந்து விட்டுருவேன்."

எண்ண ஆரம்பித்தார்.

சொன்னால் வேலை போகும். வேலை மட்டும் போனால் பரவாயில்லை, போலீஸும் வரும்.

ஆறுவரை இவன் வாயைத் திறக்கவில்லை. அதைச் சாகும்வரை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஏழில் திறந்தான்.

"சார், நாங்க ரெண்டு பேரு. ரெட்டைப் புள்ளைங்க சார்."

"கதை விடாத. எட்டு."

கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில், புகைக்கு நடுவே, இவன் முகம் தெரிந்தது.

அது இருமியது.

இவன் இருமவில்லை.

ஒன்பது வரவில்லை.