ஆமையைச் சோதித்த கீரி

காட்டு மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அநியாயத்துக்கு ஆளானது ஆமைதான். ஒரு கேள்வியைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே அதை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

“முதுகோட்டைக் கழற்றி வெச்சுட்டுப் போம்மா. அதுக்குள்ள பிட்டு இருக்கலாம்,” என்றது காவலுக்கு நின்ற கீரி.

“அண்ணே, இது பை இல்லை. என் முதுகெலும்பே இதோட ஒட்டியிருக்கு. உயிரியல்ல முதல் பாடமே அதுதான்.”

“பாடமெல்லாம் எனக்கு எதுக்கு? புள்ளிமான் கொம்பையே உதிர்த்துட்டுப் போகலையா?”

இந்த ஒரு நாளுக்காக இரண்டு வருஷம் படித்திருந்த ஆமை, கதவை மூடப்போகும் மணி அடித்ததும் பதறிப்போனது.

“கழற்றினா நான் செத்துருவேன், அண்ணே.”

கீரி விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ரொம்பப் பரிவாகச் சொன்னது:

“மூணு மணி நேரப் பரீட்சைதானே, அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா.”