வீட்டுச் சாவி

இட ஒதுக்கீட்டு மறியலுக்காக ரோட்டில் வெட்டிச் சாய்த்திருந்த புளியமரங்களைத் தாண்டித் தாண்டி, நைனார்பாளையத்து அஞ்சலாட்சி தன் வலிப்புக்கார மகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். மகள் வளர்மதி கட்டிலில் படுத்திருந்தாள், தலையெல்லாம் ஒயர். வலிப்பென்றால் கையில் இரும்பு இருக்க வேண்டுமென்று வீட்டுச் சாவியை மகள் கைக்குள் திணித்திருந்தாள் அஞ்சலாட்சி. மூளை அலையைக் காகிதத்தில் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தது மிஷின்.

“உங்க வம்சத்துல வேற யாருக்காச்சும் வலிப்பு உண்டா?” என்றார் டாக்டர்.

“யாருக்கும் கெடையாதுங்க.”

சட்டென்று மிஷினின் முள் எகிறியது. டாக்டர் திகைத்தார். “இது வலிப்பு அலைதான். ஆனா பொண்ணு சும்மாதானே படுத்திருக்கு?”

டாக்டரின் அந்தக் குரல் கேட்டபோது அஞ்சலாட்சி தரையில் கிடந்தாள். எப்போது விழுந்தாளென்று அவளுக்கே தெரியவில்லை. வாயோரம் நுரை. மகள் கட்டிலைவிட்டு அசையவேயில்லை. ஒரு ஒயர்கூடக் கழன்றிருக்கவில்லை.

வீட்டுச் சாவி அஞ்சலாட்சியின் கைக்குள் இருந்தது.

“கெட்டியா புடிச்சிக்கோம்மா,” என்றாள் வளர்மதி.