அசையாத கூரை

"எமெட்டோட கூரை ஒரு அங்குலமாவது சாஞ்சிருக்கா பாரு!" என்றாள் டெல்மா. தன் மடக்கு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த அவள் கணவன் வெர்னனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அமெரிக்காவின் ஓசார்க் ஏரிக்கரை முகாமில், எதிர் மரத்தடியில் வழக்கம்போல நின்றது எமெட்டின் வண்டி. இரண்டு பேருடையதும் ஒரே ரகம். காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்து, வெளியே கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் கூரை எழும்பும். எதிர்ப்பக்கம் சுழற்றினால் பெட்டியாக மடங்கிவிடும்.

அன்று காலை வெர்னனின் கூரை ஒரு மூலையில் சரிந்து, டெல்மாவின் காப்பியைக் கவிழ்த்துவிட்டது. அவளும் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா இதை வித்துடுவோம். அப்புறம் ஏரி ஏரியா சுத்துற பேச்சே எடுக்கக்கூடாது."

அந்தச் சுற்றல் ஒன்றுதான் ஓய்வுபெற்ற வெர்னனுக்கு இருந்த சந்தோஷம். கூரைக் காலைத் தாங்கும் மூலை மரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்தான். அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. மழைத்தண்ணீர் குடித்துக் குடித்து மரம் மக்கிப்போயிருந்தது.

மக்கியதை அறுத்தெடுத்துப் புது மரம் பொருத்தினான். கூரைக் காலைத் தூக்கும் கம்பியையும் மாற்றினான். அதற்குள் டெல்மா கெளுத்தி மீன் வறுத்து, ஒரு தட்டு நிறைய எமெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"வண்டியைச் சுத்தி எவ்வளவு அழகா பூச்செடி வெச்சிருக்கார் தெரியுமா? சக்கரமே தெரியல. பொருளை வெச்சுக்கத் தெரிஞ்ச மனுஷன்!"

"எனக்கு மீன் எங்கே?"

"தீர்ந்துடுச்சு."

சனிக்கிழமை மத்தியானம் எமெட்டே எட்டிப் பார்த்தார். "ஓரத்துக்குப் பசை தடவிட்டியா, வெர்னன்? இல்லேன்னா திரும்பவும் தண்ணி இறங்கும்."

"உன் கூரையை நீ பாத்துக்க, எமெட்."

வேலை முடிந்தது. கைப்பிடியைச் சுழற்றினான். நான்கு மூலையும் சமமாக எழும்பி, கூரை கிண்ணென்று நின்றது. டெல்மா கை தட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வாரமாக வயிற்றில் கனன்றது அவனைச் சும்மா இருக்க விடவில்லை.

"எமெட்!" என்று முகாமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். "ரெண்டு பேரும் மடக்கி, மறுபடி ஏத்துவோம். யாரோடது முதல்ல நிக்குதுன்னு பாத்துடலாம்!"

"வேணாம்ப்பா. எனக்கு முட்டி வலி."

"முட்டி எதுக்கு? கையால சுத்துறதுதானே. இரு, உனக்கும் நானே சுத்துறேன்." கைப்பிடியோடு விறுவிறுவென்று போய், பூச்செடிகளை விலக்கி, துளையில் செருகினான்.

"கையை எடு!" எமெட் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டி நாய் குரைத்தது.

"என்ன எமெட், தோத்துடுவோம்னு பயமா?"

எமெட்டின் முகம் வெளிறிவிட்டது. டெல்மா பார்க்கிறாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். வெர்னனின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

நான்கு மூலையிலும் தரையிலிருந்து கூரைவரை கனத்த கட்டைகள் முட்டுக்கொடுத்து நின்றன. தூக்குக் கம்பிகள் துருப்பிடித்து, அறுந்து தொங்கின.

"ஒன்பது வருஷமாச்சு. மடக்கினா மறுபடி ஏறாது. இதைப் பிரிச்சு வேலை பாக்க எனக்குத் தெரியாது, கேக்க வெக்கம். அதான் எங்கேயும் போறதில்லை" என்றார் எமெட்.

வெர்னனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "டெல்மா எப்பப் பாரு உன் கூரையைப் பத்தியே பேசுவா. எனக்கு வயிறு எரியும்" என்று முணுமுணுத்தான்.

எமெட் திரைச்சீலையை விலக்கி, எதிரே நின்ற வெர்னனின் வண்டியைப் பார்த்தார்.

"நீ மடக்கிக்கிட்டுக் கிளம்புறப்போ எல்லாம் எனக்கும்தான்."