வளைவில் திரும்புமா

ஷோரூமில் நிற்கும் புதுக் கேரவனின் சோபாவில் கோமதிநாயகம் சாய்ந்திருக்கிறார். ஆரியசாலைச் சந்தையில் மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்க்காமல் ஒரு கிலோ பருப்பு எடுக்காதவர், இங்கே ஒரு மணி நேரமாக இலவசத் தலையணைக்குப் பேரம் பேசுகிறார். பொன்முடி மலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றத்தான் இந்த வண்டி. அதற்காகத் தன் மளிகைக் கடையையே விற்றிருக்கிறார். “மக்கா, கொண்டை ஊசி வளைவுல இது திரும்புமா?” என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறாள் மனைவி உலகம்மாள். “ஏழு கலர் லைட் உண்டு சேச்சி,” என்று விற்பனையாளன் ஜினு சுவிட்சைத் தட்ட, அவள் முகம் ஊதாவாகிறது. “லைட்டா வண்டியைத் திருப்பும்?” “மிண்டாம இரு உலகம்மா, ரெண்டு தலையணைக்குச் சம்மதிச்சாச்சு,” என்று கணவர் கையெழுத்திடப் பேனாவைத் திறக்கிறார். அவள் முன்னால் போய், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டுகிறாள். “பொன்முடி ரோட்டுல கல்லாறு தாண்டி நாலு வளைவு ஓட்டிக் காட்டு மக்கா. அதுவரை நான் இறங்கமாட்டேன்.” ஜினு சாவியைத் தேடாமல் மேனேஜரைத் தேடுகிறான். கோமதிநாயகம் பேனாவை மூடுகிறார்.