கவிழ்த்துப் போட்ட பக்கம்

குற்றாலத்தில் சீசன் களைகட்டியது என்று பத்திரிகையில் வந்த படத்தில், அருவியில் குளிக்கும் கூட்டத்தின் நடுவே இசக்கியப்பன் நின்றான். அன்றைக்குக் குளிக்கப் போனவன் வீடு திரும்பவே இல்லை. அந்தத் தாள் வருஷக்கணக்காகப் பீரோவில் நாலாக மடித்துக் கிடந்ததில், மடிப்பு சரியாக அவன் முகத்தின் குறுக்கே விழுந்திருந்தது. கடைசியாகச் சிரித்தானா, பயந்தானா என்று அவன் பெண்டாட்டி வேல்விழிக்குத் தெரியவில்லை. தேய்த்துப் பார்த்துவிடலாம் என்று தேய்ப்புப் பெட்டியை எடுத்தாள்.

"நேராத் தேச்சா மை பெட்டியில ஒட்டிக்கிடும் மதினி. கவுத்துப் போட்டுத் தேயுங்க" என்றாள், இலஞ்சியிலிருந்து வந்திருந்த நாத்தனார் அனுசியா.

வேல்விழி தாளைக் கவிழ்த்து, ஈரத்துணி விரித்து, முதுகுப் பக்கமாகப் பதமாகத் தேய்த்தாள். மடிப்பு சுவடில்லாமல் போயிற்று. நிமிர்த்திப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். இசக்கியப்பன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு அருவியைப் பார்த்து நின்றான்.

"அண்ணன் ஏன் மதினி அங்கன திரும்பி நிக்கான்?"

வேல்விழி தாளைப் பழையபடியே நாலாக மடித்து, மேலே அரிசி டின்னைத் தூக்கி வைத்தாள்.

காலையில் பிரித்தபோது மடிப்பு திரும்பி வந்திருந்தது. அவன் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.