கொடியா, வெடியா?

“கொடி இல்லையாம் காக்கா! பதினொரு வருசம் கொடி காட்டின உங்களை ஓரமா நிண்டு கைதட்டட்டாம்! ஆர் இந்த மனேஜர், நேற்றைக்கு வந்தவன்?”

வினாயகமூர்த்தி ஹெல்மட்டைப் பெட்ரோல் டாங்கின் மேல் ஓங்கி வைத்தான். தன்னாமுனை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தொடர்ந்து மூன்று வருடம் முதலாவதாக வந்தவன். அவன் கோபத்தில் பேசினால் பக்கத்தில் எஞ்சின் ஓடுவதுகூடக் கேட்காது.

“கத்தாத மூர்த்தி. பந்தயத்தைக் கம்பெனி எடுத்திட்டான். இனி அவன்ட சட்டம்தான்” என்றார், இளசுகள் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் ஓட்டமாவடி அப்துல் மஜீத். சுருட்டிய பச்சைக் கொடியை இன்னும் கக்கத்தை விட்டு எடுக்கவில்லை.

போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து ஐஸ்கிரீம் வந்தது, கைத்தொலைபேசி வந்தது. இப்போது பந்தயத்தையே வளைத்துப் போட ஒரு கம்பெனியும் வந்துவிட்டது. அறுவடை முடிந்த வயல் வட்டையில் வாவிக்கரை நெடுக அவர்களுடைய விளம்பரத் துணிகள் படபடத்தன. ஊர்க்காரர் ஆறு பேர், கம்பெனிக்காரர் ஆறு பேர். முதலாவதாக வருகிறவனுக்குக் கம்பெனி அணியில் நிரந்தர இடம். அந்த இடத்தைத்தான் மூர்த்தி இரண்டு மாதமாகக் கனவிலும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

புது மனேஜர் டொமினிக் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர்.

“என்ன சத்தம் இங்க? இது இனி ஊர் விளையாட்டு இல்ல, தொழில்முறைப் பந்தயம். எங்க ஓடினாலும் ஒரே விதி. வெடி வெச்சுத்தான் தொடங்கும். வெறும் சத்தம், குண்டு கிடையாது. ஆமி காம்ப்லயும் சொல்லி அனுமதி எடுத்தாச்சு.”

“காம்புக்குச் சொன்னியள். எங்கட உடம்புக்கு ஆர் சொல்றது?”

“உடம்புக்கா?”

மஜீத் குறுக்கே வந்தார். “சேர், இவனுகள் தவழுற வயசில இருந்து வெடிச்சத்தம் கேட்டா நிலத்தில விழுறவனுகள். யோசிச்சு விழுறதில்ல. கை தானா விட்டிரும், நெஞ்சு தானா மண்ணுக்குப் போயிரும். அதுக்காகத்தான் நாங்க கொடி வச்சது.”

டொமினிக் சிரித்தார். “சண்டைதான் நிண்டு போச்சே மிஸ்டர் மஜீத்! இன்னும் பயந்தா எப்படி? எங்கட ஆறு பேருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே.”

“பயமோ?” மூர்த்திக்கு உச்சந்தலை வரை சூடேறியது. “சத்தம் கேட்டாப் படு, படுக்காட்டிச் செத்தாய் எண்டு இவ்வளவு காலமும் எங்களைப் பழக்கினது ஆர்? இண்டைக்கு அதே சத்தத்தைக் கேட்டு ஓடு எண்டுறியள். நாங்க விழுந்தா, மட்டக்களப்பானுக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது எண்டு பேப்பரிலயும் போடுவியள். இதுதானே உங்கட திட்டம்?”

டொமினிக் வாய் திறக்குமுன் பூவரச மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“சேர், கொடியே குடுங்க. கொடி நல்லம்.”

நுவன். கம்பெனியின் முதல் ஓட்டக்காரன், சிங்களவன். சங்கிலிக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது.

அவ்வளவுதான், மூர்த்தி வெடித்துவிட்டான்.

“பார்த்தியளா காக்கா? பாவம் பார்க்கிறாராம் ஐயா! முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட மனசில்ல. டேய், உன்ட பிச்சை எங்களுக்கு வேணாம்!” மனேஜர் பக்கம் திரும்பினான். “வெடியையே வையுங்க! எங்கட ஆக்கள் ஆறு பேரும் ரெடி.”

“மனே மூர்த்தி, வீம்புக்குப் போகாத” என்று மஜீத் அவன் கையைப் பிடித்தார்.

“விடுங்க காக்கா. விழுந்தா என்ட பேர் வினாயகமூர்த்தி இல்ல.”

மூன்று மணிக்குப் பன்னிரண்டு வண்டிகளும் கோட்டில் நின்று உறுமின. மூர்த்திக்கு வலப்பக்கம் நுவன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வெறும் சத்தம், வெறும் சத்தம் என்று மூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு மந்திரம்போல் சொன்னான். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தான். மேடையில் டொமினிக்கின் கை மேலே போயிற்று.

டப்!

வாயில் மண் கரித்தபோதுதான் மூர்த்திக்குத் தான் விழுந்தது தெரிந்தது. வண்டி ஒரு பக்கம் கிடந்து சில்லு சுற்றியது. அவனுடைய ஆட்கள் ஐந்து பேரும் தரையில். வேலிக்கு வெளியே பார்க்க வந்த சனம் முழுவதும் தரையில். மேடையில் மனேஜர் மட்டும் தனிமரமாக நின்று விழித்துக்கொண்டிருந்தார். கம்பெனி வண்டிகளின் இரைச்சல் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது.

மானம் போயிற்று. அணியில் இடமும் போயிற்று. பிச்சை போட வந்தவன்தான் முன்னால் போகிறானா? முன்னால் போகிற வண்டியின் இலக்கத்தைப் பார்க்க மூர்த்தி தலையைத் தூக்கினான்.

ஒரு முரட்டுக் கை அவன் பிடரியைப் பிடித்து மறுபடியும் மண்ணோடு அழுத்தியது.

“தலை தூக்க வேணாம்!”

பக்கத்தில் குப்புறக் கிடந்த நுவன், கண்களை இறுக மூடியபடி, மற்றக் கையால் புழுதிக்குள் தன்னுடைய துப்பாக்கியைத் தேடிக்கொண்டிருந்தான்.